ரிவால்வர் டிரிகரை வீட்டிலேயே ‘லேசாக்கும்’ அமெரிக்கர்கள்: விரலுக்குச் சுகம், அடுத்த கைக்கு?

2021 அக்டோபர் 21. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ‘ரஸ்ட்’ என்ற கௌபாய் படத்தின் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நடிகர் அலெக் பால்ட்வின் கையில் இருந்த ரிவால்வர் வெடித்தது. உள்ளே இருக்கவே கூடாத நிஜத் தோட்டா இருந்தது. ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் உயிரிழந்தார். இயக்குநர் ஜோயல் சோசா காயமடைந்தார்.

நிஜத் தோட்டா எப்படி வந்தது என்பது ஒரு கேள்வி. ஆனால் கோர்ட்டில் வருஷக்கணக்கில் ஓடியது இன்னொரு கேள்வி. “டிரிகரை அழுத்தவே இல்லை” என்றார் பால்ட்வின். அழுத்தாமல் ரிவால்வர் எப்படி வெடிக்கும்?

அப்போதுதான் ஒரு சந்தேகம் எழுந்தது. துப்பாக்கியின் உள்ளே யாராவது கைவைத்திருப்பார்களோ? 2023 ஏப்ரலில் அரசுத் தரப்பே வழக்கை வாபஸ் வாங்கியதற்கு, ரிவால்வரின் உள்பாகம் மாற்றப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகமும் ஒரு காரணம். பிறகு நிபுணர் அறிக்கை வந்தது: டிரிகர் அழுத்தப்பட்டுத்தான் இருக்க வேண்டும். 2024 ஜனவரியில் மறுபடியும் குற்றச்சாட்டு. 2024 ஜூலையில் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். அதுவும் டிரிகருக்காக அல்ல, தோட்டா சம்பந்தப்பட்ட ஆதாரத்தை எதிர்த்தரப்புக்குக் காட்டாமல் வைத்திருந்ததற்காக.

நடுவில் இன்னொரு கூத்து. டிரிகரைத் தொடாமலே வெடிக்கிறதா என்று பார்க்க எஃப்.பி.ஐ. ஆய்வகம் அந்த ரிவால்வரைச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சோதித்தது. அதில் உள்பாகங்கள் உடைந்தன. உடைந்ததை வைத்துக்கொண்டு, உடைவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று வாதாட வேண்டிய நிலைமை.

இத்தனை வாதமும் ஒரு சின்ன இரும்புத் துண்டின் விளிம்பைப் பற்றியது. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. அமெரிக்காவில் அதே மாதிரி விளிம்பைத்தான் பலர் ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டு மேசையில் வைத்து, உப்புத்தாளும் சாணைக்கல்லுமாக உட்கார்ந்து தேய்க்கிறார்கள். ‘டிரிகர் ஜாப்’ என்று அதற்குப் பெயர். விரல் அழுத்த வேண்டிய பலத்தைக் குறைப்பது. பெரும்பாலும் அது சட்டப்படி தப்பும் இல்லை. பிரச்சினையே அங்குதான் தொடங்குகிறது.

டிரிகருக்கு எத்தனை கிலோ?

ரிவால்வரைச் சுட இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, கட்டைவிரலால் ஹேமரைப் பின்னால் இழுத்து நிறுத்திவிட்டு, டிரிகரை லேசாகத் தொடுவது. தமிழ் சினிமாவில் வில்லன் நெற்றிப்பொட்டில் துப்பாக்கியை வைத்து ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம் கொடுப்பாரே, அது இதுதான். சினிமாவில் அது மிரட்டல். நிஜத்தில் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் வேறு: இனி இந்தத் துப்பாக்கி வெடிக்கக் கொஞ்சம் பலம் போதும். பல ரிவால்வர்களில் அந்தப் பலம் 3 முதல் 5 பவுண்டு, அதாவது ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டேகால் கிலோ. இதை ‘சிங்கிள் ஆக்‌ஷன்’ என்கிறார்கள்.

இரண்டாவது வழியில் ஹேமரைத் தொடவே வேண்டாம். டிரிகரை நீளமாக இழுத்தால் போதும். அந்த ஒரே இழுப்பில் சிலிண்டர் சுழல வேண்டும், ஹேமர் பின்னால் போக வேண்டும், உச்சத்தில் விடுபட்டுத் தோட்டாவை அடிக்க வேண்டும். இதுதான் ‘டபுள் ஆக்‌ஷன்’. இவ்வளவு வேலையையும் ஒரே விரல் செய்வதால் பலமும் அதிகம் தேவை. ஃபேக்டரியிலிருந்து வரும்போது 10 முதல் 12 பவுண்டு என்பது சாதாரணம். கிலோவில் சொன்னால் நாலரை முதல் ஐந்தரை. 5 கிலோ அரிசிப் பையை ஆள்காட்டி விரலில் மட்டும் மாட்டித் தூக்கிப் பார்த்தால் புரியும்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. சட்டைப் பையில் போடுகிற அளவு சின்ன ரிவால்வர்கள் அரைக் கிலோகூடக் கிடையாது. அரைக் கிலோ பொருளைக் கையில் ஆடாமல் பிடித்துக்கொண்டே, அதைவிடப் பத்து மடங்கு பலத்தை அதன்மேல் செலுத்த வேண்டும். குறி தவறாமல் என்ன செய்யும்? ‘ஃபேக்டரி டிரிகர் சரியில்லை’ என்று அமெரிக்க ரிவால்வர்காரர்கள் புலம்புவது சும்மா இல்லை. கீல்வாதம் வந்த கை, வயதான கை, சின்னக் கை இவற்றுக்கெல்லாம் 12 பவுண்டு நிஜமாகவே கஷ்டம்.

போட்டிக்காரர்களின் ஆசை

இந்தக் கலைக்கு ஒரு பரம்பரையும் இருக்கிறது. 1932-ல் எட் மெக்கிவர்ன் என்பவர் டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரால் 5 குண்டுகளை 0.45 விநாடியில் சுட்டுச் சாதனை படைத்தார். 1999-ல் ஜெர்ரி மிக்குலெக் 6 குண்டுகளைச் சுட்டு, காலி சிலிண்டரை மறுபடி நிரப்பி, இன்னும் 6 குண்டுகளையும் சுட்டு முடிக்க எடுத்துக்கொண்டது 2.99 விநாடி. கண்ணை இரண்டு மூன்று தடவை சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும்.

இப்படிப்பட்டவர்களைப் பார்த்துப் பழகும் ஒருவருக்கு, கடையில் வாங்கிய ரிவால்வரின் டிரிகர் மாட்டு வண்டிச் சக்கரம் மாதிரி கரகரவென்று இருந்தால் பொறுக்காது. ஊர்ப்பக்கம் பசங்கள் பைக் வாங்கிய மறுநாளே சைலன்சரை மாற்றுவதும் இதே ஆசைதான். துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்தால் காசு ஆகும், வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். ஸ்பிரிங் செட்டோ விலை குறைவு, தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். ஜெர்ரி குன்ஹாசன் எழுதிய ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வர் பட்டறைக் கையேடு மாதிரியான புத்தகங்களும் உண்டு. கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் போதும், ஆள் தயார்.

அப்படி உட்காருகிற எல்லோரையும் முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. பலர் பொறுமைசாலிகள், கை சுத்தமானவர்கள், அளந்து வேலை செய்கிறவர்கள். ஆனால் ‘டிரிகர் ஜாப்’ என்ற ஒரே பெயருக்குள் நான்கு வேறு வேறு வேலைகள் இருக்கின்றன. அந்த நான்கையும் ஒன்றாகப் பேசுவதுதான் தப்பு.

ஒரே பெயர், நான்கு வேலைகள்

முதல் வேலை வழவழப்பாக்குவது. பாகங்கள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் இருக்கும் சொரசொரப்பை நீக்குவது. இதனால் டிரிகரின் எடை பெரிதாக மாறாது, ஆனால் இழுப்பு சீராகும். கரகரப்பு போனாலே விரலுக்குப் பாதிக் கஷ்டம் போய்விடும். இதைக் கழற்றாமலே செய்யவும் வழி இருக்கிறது: தோட்டா இல்லை என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, போலித் தோட்டாவைப் போட்டு, ஆயிரக்கணக்கான தடவை டிரிகரை இழுத்துப் பழகுவது. பாகங்களும் பழகும், விரலும் பழகும். பழைய ஆட்கள் பலர் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் இதில் வாங்குவதற்கு ஒன்றும் இல்லை, திருகுவதற்கும் ஒன்றும் இல்லை. அதனால் யாருக்கும் பிடிப்பதில்லை.

இரண்டாவது வேலை ஸ்பிரிங் மாற்றுவது. ஸ்மித் அண்ட் வெஸன் மாதிரியான ரிவால்வரில் முக்கியமாக இரண்டு ஸ்பிரிங்குகள். ஒன்று ஹேமரை முன்னால் அடிக்கவைப்பது. இன்னொன்று அழுத்திய டிரிகரைப் பழைய இடத்துக்குத் திருப்பித் தள்ளுவது. இரண்டையும் மெலிதாக்கினால் எடை குறையும். ஆனால் சும்மா குறையாது. ஹேமரின் அடி மெலிந்தால், தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமர் சில சமயம் தீப்பிடிக்காது. ‘டப்’ என்று சத்தம் மட்டும் வரும், குண்டு வராது. போட்டிக்காரர்களுக்கு இது தெரியும். அதனால்தான் லேசான அடிக்கே பற்றிக்கொள்ளும் ஃபெடரல் பிரைமரைத் தேடி வாங்கி, தோட்டாவைக் கையாலேயே கட்டிக்கொள்கிறார்கள். வீட்டுப் பாதுகாப்புக்கு என்று கடையில் கிடைத்த தோட்டாவைப் போட்டு வைத்திருப்பவருக்கு அந்த ‘டப்’ எப்போது கேட்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். திருப்பித் தள்ளும் ஸ்பிரிங் மெலிந்தால், டிரிகர் மந்தமாகத் திரும்பும். அது முழுதாகத் திரும்பும் முன் அவசரமாக அடுத்த இழுப்பை இழுத்தால் வேலை கெடும். வேகம் வேண்டும் என்று செய்தது வேகத்தையே தின்றுவிடும்.

ஆனாலும் ஸ்பிரிங் விஷயத்தில் ஒரு நிம்மதி உண்டு. பழையதைத் திரும்பப் போட்டால் ரிவால்வர் பழைய நிலைக்கே வந்துவிடும்.

மூன்றாவது வேலைக்கு அந்தத் திரும்பும் வழி கிடையாது. அதுதான் ‘ரஸ்ட்’ வழக்கில் சந்தேகிக்கப்பட்ட வேலை: ஹேமரை இழுத்து நிறுத்தும்போது அது போய் உட்காரும் காடியையோ, அதில் மாட்டிக்கொள்ளும் டிரிகரின் முனையையோ தேய்ப்பது. அந்தக் காடி ஆழமாகவும் முனை கூர்மையாகவும் இருக்கும்வரை, இழுத்து நிறுத்திய ஹேமர் நிற்கும். கொஞ்சம் தேய்த்தால் டிரிகர் வெண்ணெய் மாதிரி விடுபடும். இன்னும் கொஞ்சம் தேய்த்தால், யாராவது தோளில் இடித்தாலே விடுபடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் தலைமுடி அளவுதான். அந்த மாதிரி டிரிகரை ஆங்கிலத்தில் முடியோடு சேர்த்துச் சொல்வதும் சும்மா வந்ததல்ல.

அதுவும் அன்றைக்கே தெரிந்தால் பரவாயில்லை. பல ரிவால்வர்களில் இந்தப் பாகங்களின் மேற்பரப்பு மட்டும்தான் கடினமாக்கப்பட்டிருக்கும். மெல்லிய ஓடு மாதிரி. உள்ளே இருப்பது அதைவிட மிருதுவான இரும்பு. வேகமாகச் சுழலும் கைக்கருவியை வைத்து அந்த ஓட்டைத் தாண்டிவிட்டால், அன்று மாலை டிரிகர் அற்புதமாக இருக்கும். நாலைந்து மாதம் சுடச்சுட, மிருதுவான இரும்பு தானாகவே தேயும். யாரும் தொடாமலே டிரிகர் இன்னும் லேசாகிக்கொண்டே போகும். தேய்த்தவர் அதற்குள் அதை விற்றிருப்பார்.

நான்காவது வேலை இன்னும் மோசம். அதைச் சொல்ல ஒரு பழைய கதைக்குப் போக வேண்டும்.

கப்பல் தளத்தில் விழுந்த துப்பாக்கி

இரண்டாம் உலகப்போர் சமயம். 1944-ல் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றின் இரும்புத் தளத்தில் ஸ்மித் அண்ட் வெஸன் ‘விக்டரி’ ரிவால்வர் ஒன்று கை தவறி விழுந்து வெடித்தது. ஒரு மாலுமி செத்துப்போனார். அதற்குப் பிறகு அந்த நிறுவனம் அவசரமாக உள்ளே ஒரு சின்னத் தகடு வைத்தது. டிரிகர் பின்னால் இழுக்கப்பட்டிருந்தால் மட்டும் விலகும், இல்லையென்றால் ஹேமருக்கும் தோட்டாவுக்கும் நடுவே சுவர் மாதிரி நிற்கும். பார்த்தால் வளைந்த கம்பித் துண்டு, அவ்வளவுதான்.

இன்னொரு கம்பெனி ரூகர். அதன் பழைய கௌபாய் பாணி ரிவால்வர்களில் ஆறு அறைகளையும் நிரப்பினால், ஹேமருக்கு நேராக ஒரு தோட்டா இருக்கும். கீழே விழுந்தால் ஆபத்து. ஐந்து போடு, ஒன்றைக் காலியாக விடு என்பது கௌபாய் காலத்திலிருந்து வந்த பாடம். எல்லோரும் பாடம் படிக்கவில்லை. 1973-ல் ரூகர் உள்ளமைப்பையே மாற்றியது. 1982 முதல் பழைய ரிவால்வர்களையும் இலவசமாக மாற்றித் தர முன்வந்தது.

இப்போது நான்காவது வேலை. உரசல் குறையட்டும் என்று அந்தக் கம்பித் துண்டையே கழற்றி எறிவது. போட்டித் துப்பாக்கிகளில் இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இழுப்பில் அதனால் கிடைக்கும் வித்தியாசம் விரலுக்குத் தெரிவதே சந்தேகம். ஒரு மாலுமியின் சாவுக்குப் பின்னால் வந்த பாகம், வீட்டு மேசையில் ‘தேவையில்லாத துண்டு’ ஆகிவிடுகிறது.

கனமான டிரிகர் மட்டும் போதுமா?

இதைப் படித்துவிட்டு ‘டிரிகர் எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது’ என்று முடிவெடுத்தால் அதுவும் அவசரம். நியூயார்க் போலீஸ் அந்த முடிவைத்தான் எடுத்தது. ரிவால்வர் காலத்திலேயே ஹேமரை இழுத்து நிறுத்தும் வசதியை எடுத்துவிட்டு, நீளமாக இழுக்கும் டபுள் ஆக்‌ஷன் மட்டும் வைத்தது. 1990-களில் குளோக் பிஸ்டலுக்கு மாறியபோதும், அதன் டிரிகரை 12 பவுண்டு அளவுக்குக் கனமாக்கியே வாங்கியது. அந்த ஸ்பிரிங்குக்கே நியூயார்க் பெயர்தான்.

2012 ஆகஸ்ட் 24. எம்பயர் ஸ்டேட் கட்டிடத்துக்கு வெளியே ஒரு கொலையாளியை இரண்டு போலீஸார் சுட்டனர். 16 குண்டுகள். கொலையாளி இறந்தார். கூடவே வழியில் நின்ற 9 பேர் காயமடைந்தனர். மூவர்மேல் நேராகக் குண்டு பாய்ந்தது, மற்றவர்கள்மேல் சிதறல். அந்தக் கனமான டிரிகர் குறியைக் கெடுத்திருக்குமா என்ற விவாதம் அப்போதே கிளம்பியது. 2021-ல் புதிதாகச் சேரும் போலீஸாருக்கு லேசான டிரிகர் உள்ள பிஸ்டலைத் தருவது என்று அந்தத் துறையே இறங்கிவந்தது.

அதே நியூயார்க்கில் இதற்கு நேர் எதிரான சம்பவமும் உண்டு. 2014 நவம்பர் 20, புரூக்ளினில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் இருட்டுப் படிக்கட்டு. பீட்டர் லியாங் என்ற புது போலீஸ்காரரின் துப்பாக்கி வெடித்தது. குண்டு சுவரில் பட்டுத் தெறித்து, கீழே வந்துகொண்டிருந்த அகாய் கர்லி என்ற 28 வயது இளைஞரைக் கொன்றது. அவர் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. ‘தற்செயல்’ என்றார் லியாங். 2016-ல் வழக்கு விசாரணையின்போது, ஜூரிகள் அந்தத் துப்பாக்கியின் டிரிகரைத் தங்கள் விரலாலேயே இழுத்துப் பார்த்தார்கள். 11.5 பவுண்டு. ஐந்து கிலோவுக்கு மேல். இவ்வளவு கனமானது தானாக விடுபடாது என்று அவர்களுக்குத் தோன்றியது. குற்றவாளி என்று தீர்ப்பளித்தார்கள். பிறகு நீதிபதி குற்றத்தின் அளவைக் குறைத்து, சிறையில்லாமல் 5 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 800 மணி நேரச் சமூக சேவையும் விதித்தார்.

கனமான டிரிகர் அந்த உயிரைக் காப்பாற்றவில்லை. ஆனால் என்ன நடந்தது என்பதற்கு அது ஒரு சாட்சியாக நின்றது. ஜூரிகளால் தொட்டுப் பார்த்து முடிவெடுக்க முடிந்தது. அந்தத் துப்பாக்கியின் டிரிகரை யாரோ வீட்டில் தேய்த்திருந்தால்? ‘ரஸ்ட்’ வழக்கில் பார்த்த அதே இழுபறிதான்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் தற்செயலான துப்பாக்கிச் சாவுகள் ஆண்டுக்குச் சுமார் 500. மொத்தத் துப்பாக்கிச் சாவுகள் 40,000-க்கும் மேல். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. டிரிகரைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பூட்டாமல் மேசை டிராயரில் கிடக்கும் துப்பாக்கிதான் அங்கே பெரிய பிரச்சினை. ஆனால் பூட்டாமல் கிடக்கும் அந்தத் துப்பாக்கியின் டிரிகர் நாலரை கிலோவா, ஒன்றரைக் கிலோவா என்பது சின்ன விஷயம் இல்லை.

ஐந்து வயது விரல்

இதை ஒரு மாநிலம் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கைத்துப்பாக்கி விற்கும் கடைகளுக்கு நுகர்வோர் பாதுகாப்பு விதி ஒன்று இருக்கிறது. சராசரி ஐந்து வயதுக் குழந்தையால் இயக்க முடியாதபடி துப்பாக்கி இருக்க வேண்டும். அதற்கு விதியே சொல்லும் வழிகளில் ஒன்று, டிரிகரின் எடை குறைந்தது 10 பவுண்டாக இருப்பது. ரிவால்வர்காரர்கள் திட்டித் தீர்க்கும் அந்தக் கனமான டிரிகரில், அந்த மாநிலத்தைப் பொறுத்தவரை ஒரு குழந்தையின் விரலும் கணக்கில் இருக்கிறது. ஸ்மித் அண்ட் வெஸன் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தலைமையகம் வைத்திருந்ததும் அதே மாநிலத்தில்தான்.

ஆனால் அந்த விதி விற்பவருக்கானது. வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனவர் மறுநாள் ஸ்பிரிங்கை மாற்றி 7 பவுண்டாக்கினால்? கடைக்காரர் மதித்த ஐந்து வயது விரலை, வீட்டுக்காரர் தன் வீட்டிலேயே மறந்துவிடுகிறார். வீட்டில் குழந்தை இருப்பது கடைக்காரரைவிட அவருக்குத்தானே நன்றாகத் தெரியும்?

அமெரிக்க மத்திய சட்டத்திலும் இதே ஓட்டைதான். மற்றவர்களின் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு லைசென்ஸ் வேண்டும். சொந்த ரிவால்வரின் டிரிகரைச் சொந்தமாகத் தேய்ப்பவருக்கு எதுவும் வேண்டாம். தொடர்ச்சியாகச் சுடும் இயந்திரத் துப்பாக்கியாக மாற்றாதவரை சட்டம் எட்டிப் பார்க்காது.

இந்தியாவில் கதையே வேறு. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியைத் தயாரிப்பதை மட்டுமல்ல, மாற்றுவதையும் பழுதுபார்ப்பதையும்கூடத் தடுக்கிறது. 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பிரிவை மீறினால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். துப்பாக்கி வைத்திருக்கும் லைசென்ஸ் கையில் இருக்கிறதே என்று அரத்தை எடுத்தால் அது வேறு கணக்கில் போய்விடும். இங்கே துப்பாக்கி வைத்திருப்பவர்களே குறைவு என்பதால், இந்த முறையை அப்படியே அமெரிக்காவில் போட்டுவிட முடியாது. அங்கே கோடிக்கணக்கான துப்பாக்கிகள் வீடுகளில் இருக்கின்றன. சொந்தப் பொருளைச் சொந்தமாகச் சரிசெய்வது அங்கே ஒரு பெருமை. லைசென்ஸ் போட்டால் வேலை நிற்காது, மேசை மட்டும் மறைவுக்குப் போகும்.

மறைக்காமல் விற்கட்டும்

ஆகவே ‘தடை செய்’ என்று ஒரே வரியில் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. போட்டிக்கு மட்டும் போகிற, மைதானத்தில் மட்டும் தோட்டா நிரப்பப்படுகிற ரிவால்வரில் டிரிகர் லேசாக இருப்பதில் தப்பே இல்லை. அங்கே சுடுபவருக்குத் தன் டிரிகர் தெரியும், சுற்றி நிற்பவர்களுக்கும் விதி தெரியும். தலையணைப் பக்கத்திலோ இடுப்பிலோ இருக்கிற ரிவால்வர் வேறு. கை நடுங்கும் நேரத்தில், தூக்கக் கலக்கத்தில், இருட்டில் எடுக்கப்போகிற துப்பாக்கி அது. அதில் வழவழப்பாக்குவதோடு நிறுத்திக்கொள்ளலாம். கீல்வாதக் கைக்கு ஸ்பிரிங் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், மெக்கானிக்கிடம் கொடுத்து, வீட்டில் போடப்போகிற அதே தோட்டாவால் சுட்டுப் பார்த்து வாங்கலாம். காடியில் அரம் படவே கூடாது. கம்பித் துண்டு அதன் இடத்திலேயே இருக்கட்டும்.

சட்டம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அது பெரிய வேலையும் இல்லை. மாற்றிய துப்பாக்கியை விற்கும்போது, கொடுக்கும்போது, இரவல் தரும்போது, என்ன மாற்றப்பட்டது என்று எழுதிக் கொடுப்பதைக் கட்டாயமாக்குவது. பழைய கார் விற்பவர் விபத்தில் அடிபட்ட வண்டியை மறைத்து விற்றால் ஏமாற்று என்கிறோம். தேய்ந்த காடியோடு ரிவால்வர் விற்பவரைக் கேட்க ஆள் இல்லை. வாங்குகிறவர் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. பளபளவென்று துடைத்திருப்பார்கள், விலையும் கொஞ்சம் குறைவாக இருக்கும். ‘டிரிகர் சூப்பரா இருக்கு, இழுத்துப் பாருங்க’ என்று விற்பவரே பெருமையாகச் சொல்வார். வாங்குபவரும் இழுத்துப் பார்த்துச் சிரிப்பார்.

விவரம் தெரிந்தவர்கள் அந்த இடத்தில் ஒரு சோதனை செய்கிறார்கள். ரிவால்வர் காலி என்று உறுதிசெய்துகொண்டு, ஹேமரை இழுத்து நிறுத்தி, டிரிகரைத் தொடாமல், பின்னாலிருந்து கட்டைவிரலால் ஹேமரை முன்னால் தள்ளிப் பார்ப்பது. நல்ல ரிவால்வர் என்றால் ஹேமர் அசையாது. தேய்த்த ரிவால்வர் என்றால் ‘டக்’ என்று விழும். விழுந்துவிட்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் மேசையிலேயே வைத்துவிட்டு நகர வேண்டியதுதான்.

ஸ்பிரிங் மட்டும் மாற்றியவர் செய்ய வேண்டியது இன்னும் சுலபம். கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளை ஒரு சின்னக் கவரில் போட்டு, எந்தத் தேதியில் எதை மாற்றினார், இப்போது டிரிகர் எத்தனை பவுண்டு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ரிவால்வர் வைக்கும் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடலாம். அவருக்குப் பிறகு அந்தப் பெட்டியைத் திறப்பது மகளாகவும் இருக்கலாம், முன்பின் தெரியாத ஒருவராகவும் இருக்கலாம்.